மாட்டுக்குத்தானேன்னு சொல்லிச் சொல்லியே தீவனத்தக் கெடுத்துட்டு இருக்கோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்ங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துல தீவன வெல ஏறிப்போச்சி, பால் வெல பத்தல, மாட்ட வித்துட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போறாங்கன்னு செய்தி போட்டிருந்தீங்க. அத்தனையும் நெசம்ங்க. நானும் பாலக்கோடு பக்கம் நாலு மாடு வெச்சிக்கிட்டு இருவது வருஷமா சங்கத்துக்குப் பால் ஊத்தறவதான், மூட்ட ஆயிரத்துக்கு மேல குடுத்து வாங்கறப்ப வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா ஒரு விஷயம் அதுல விட்டுப்போச்சி. அவ்வளவு காசு குடுத்து வாங்கின தீவனமும், நம்ம காட்டுல வெளஞ்ச தட்டும் கொடியும் நம்ம கொட்டாய்லயே எவ்வளவு கெட்டுப்போவுதுன்னு யாருமே பேசறதில்ல. அத எழுதத்தான் இந்த லெட்டர்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசில விடாத மழ. ஒரு கடையில கடலப்புண்ணாக்கு மூட்ட வாங்கியாந்து கொட்டாய் மூலையில சிமெண்டு தரையிலயே சுவத்துல சாச்சி வெச்சிட்டோம். மேல இருந்து எடுத்து ஊறப்போட்டு வெச்சோம், ஒரு பத்து நாள் நல்லாதான் போச்சி. அப்பறம் ஒரு ஜெர்சி கலப்பு மாடு, காலையில எட்டு லிட்டரு கறந்துட்டு இருந்தது, ஆறாச்சி, அப்பறம் நாலாச்சி, தண்ணி காட்டினா மூஞ்சத் திருப்பிக்கும், அச போடறது கொறஞ்சிபோச்சி, சாணி தண்ணியாட்டம் போவுது. டாக்டர் வந்தவரு மாட்டத் தொட்டுப் பாத்துட்டு ஊசியக்கூட எடுக்கல, "தீவனம் எங்கம்மா வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டாரு. மூட்டையக் காட்டினேன். முழங்கை வரைக்கும் உள்ள விட்டு அடியில இருந்து ஒரு பில்லய எடுத்து உடைச்சாரு பாருங்க, நடுவுல பாசி மாதிரி பச்சையா படிஞ்சிருக்கு, உடைச்ச ஒடனே பொடி பறக்குது, நனஞ்சி மக்கின சாக்கு வாசன. என்னயும் கைய விட்டுப் பாக்கச் சொன்னாரு. மேல காஞ்சிதான் இருந்துச்சி, அடியில வெதுவெதுன்னு சூடு. எங்க அத்தை பக்கத்துல நின்னுக்கிட்டு, "மாட்டுக்குத்தானே சார், சொரண்டிட்டு வெச்சா திங்காதா"ன்னு கேட்டாங்க. அவரு அத்தைய கோவிச்சிக்கல, அந்த மூட்டைய அப்பிடியே குழி தோண்டிப் பொதைக்கச் சொன்னாரு. தீவனத்த மாத்தினதும் மாடு தேறிச்சி, ஆனா அந்த ஈத்துல எட்டு லிட்டரு திரும்பி வரவேயில்ல, ஆறோட நின்னுடுச்சி.

அந்த "மாட்டுக்குத்தானே"ங்கற வார்த்தைய நானும் எத்தன தடவ சொல்லியிருப்பேன். நீங்களும் நம்ம பக்கத்துல எந்த ஊட்டுல வேணா கேக்கலாம். கடலக்கா ஒடைக்கறப்ப கருப்பா, சுருங்கிப் போய், பூசணம் புடிச்சி இருக்கற பருப்பயெல்லாம் தனியா ஒரு மொறத்துல ஒதுக்கி, "மாட்டுக்குப் போட்டுக்கலாம்"னு எடுத்து வெக்கறோம். நம்ம வாய்க்கு ஆவாததுன்னு தெரிஞ்சே கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில போடறோம்.

டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும், அந்தப் பச்சப் பூசணம் விடற நஞ்சுக்குப் பேரு அஃப்ளாடாக்சின். 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழி திடீர்னு செத்துச்சாம், காரணம் தேடிப் பாத்தா பிரேசில் நாட்டுல இருந்து வந்த கடலப்புண்ணாக்கு, அப்பத்தான் இந்த நஞ்சயே கண்டுபுடிச்சாங்களாம். நம்ம தெனமும் கையில எடுத்து ஊறப்போடற அதே புண்ணாக்குங்க. மாடு தின்னா ஈரலப் புடிக்கும், பால் கொறையும். அதோட நிக்கல, மாட்டுக்குள்ள போன இந்த நஞ்சுல (தீவனத்துல இருக்கற வகைக்கு பி1னு பேரு) ஒரு பங்கு எம்1ங்கற வேற வகை நஞ்சா மாறிப் பால்ல வந்துடுது. பாலக் காய்ச்சினாலும் அது போவாது. புண்ணாக்க ஊறப்போட்டாலும் வேகவெச்சாலும் போவாது. மேல சொரண்டினாலும் பிரயோஜனமில்ல, கண்ணுக்குத் தெரியற பூசணம்தான் போவும், உள்ள ஊறின நஞ்சு அங்கயேதான் இருக்கும்.

2018ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு பூரா 6,432 பால் சாம்பிள் எடுத்து சோதிச்சாங்க. கலப்படத்தால குடிக்க ஆவாத பால்னு வந்தது வெறும் 12 சாம்பிள். இந்த எம்1 நஞ்சு அளவுக்கு மேல இருந்தது 368. அதுல நம்ம தமிழ்நாட்டுல எடுத்த 551ல மட்டும் 88. அளவுன்னா என்ன தெரியுமா, ஒரு கிலோ பாலுக்கு அரை மைக்ரோகிராம், அவ்வளவுதான் இருக்கலாம். பால்காரன் தண்ணி ஊத்தறான், பவுடர் கலக்கறான்னு ஊரே பேசுது, கொட்டாய் மூலையில இருக்கற மூட்டையப் பத்தி யாரும் வாயே தொறக்கல. இந்தப் பால நம்ம ஊட்டுப் புள்ளைங்களும் தானே குடிக்குது.

நம்ம மாவட்டத்துக்கு இதுல தனியா ஒரு கஷ்டம் இருக்குங்க. ஆடில மானாவாரியா போட்ட கடல சரியா ஐப்பசி மழையில தான் புடுங்கற பதத்துக்கு வருது. ஈரத்தோட புடுங்கி, ஆளு கூலி ஏறிடும்னு அன்னைக்கே காய ஆஞ்சிட்டு, கொடிய அப்பிடியே அம்பாரமா குவிச்சி மேல தார்ப்பாயப் போட்டு இறுக்கி மூடிடறோம். மழைக்கு மூடறோம்னு நெனப்பு, ஆனா உள்ள வேர்த்துக்கிட்டே இருக்கும், மூணு நாள்ல கொடி கருத்து வெள்ளப்பூசணம் பூத்துடும். புடுங்கின செடிய காய் மேல பாக்கற மாதிரி சின்னச் சின்னக் குத்தா காத்தாட வெச்சி, நாளைக்கு ரெண்டு தடவ பொரட்டி, கைல முறுக்கினா சரசரன்னு சத்தம் வர்ற பதத்துல எடுத்தா வருஷம் பூரா நிக்கும். அதுக்குன்னு ஒரேடியா வெயில்ல கருக விட்டாலும் கெட்டுச்சி. சத்தெல்லாம் இலையில தான் இருக்கு, மொறமொறன்னு காஞ்சி இலை உதிந்துட்டா மாட்டுக்குக் கெடைக்கறது வெறும் குச்சி. பச்சை நெறம் போவப் போவ விட்டமின் ஏ சத்தும் போயிடும்.

எங்க மாமனாரு காலத்துல கல்லுக்கால் நட்டு மேல மூங்கில் பரப்பி அதுமேலதான் ராகித்தாள், சோளத்தட்டு எல்லாம் போர் போடுவாங்க, கீழ கோழி மேயும், ஆடு படுக்கும். தட்டு மண்ணத் தொடாது, கரையான் ஏறாது, அடியில காத்து ஓடும். உச்சிய கூரை மாதிரி சரிவா மேஞ்சி விடுவாங்க, எந்த மழையும் வழிஞ்சி எறங்கிடும். போர் போட்ட ஒரு வாரம் பத்து நாள் கழிச்சி கடப்பாறைய உள்ள குத்தி, கொஞ்ச நேரம் விட்டு உருவித் தொட்டுப் பாப்பாரு. சூடா இருந்துச்சின்னா அன்னைக்கே போரப் பிரிச்சி ஒணத்தச் சொல்லுவாரு, எங்களுக்கெல்லாம் எரிச்சலா வரும், இப்பத்தான் தெரியுது, ஈரத்தோட போட்ட போர் உள்ளயே வெந்து சில சமயம் தீயே புடிச்சிக்கும்னு. அந்தக் கல்லுக்கால் நாலும் இன்னும் எங்க கொட்டாய்க்குப் பின்னாடி நிக்குது, துணி காயப்போடறோம். இந்த வருஷம் மறுபடியும் மூங்கில் போடறதா இருக்கேன்.

தவிடு விஷயமும் ஒண்ணு சொல்லணும். மில்லுல வெல கம்மின்னு மூணு மாசத்துக்கு ஒரே அடியா வாங்கி வெக்கறாங்க. பச்சத் தவுட்டுல எண்ணெய் இருக்கு, அரைச்ச ஒடனேயே அது கெட ஆரம்பிச்சிடும், ரெண்டு வாரத்துல காறல் வாசன வந்துடும், மாடு மொகத்தக்கூட வெக்காது. அதத் தேவைக்கு அப்பப்ப வாங்கறதுதான் லாபம். எண்ணெய் எடுத்த தவுடு அதவிட நாள் தாங்கும். ஊறுகாய்ப்புல், அதான் பச்சத் தீவனத்த வெட்டி காத்துப் புகாம மூடிப் புளிக்க வெக்கறது, அதப் போடறவங்களுக்கு நேர் எதிர் கணக்கு, அங்க ஈரம் இருக்கணும், காத்துதான் ஆவாது. நல்லா மிதிச்சி இறுக்கி மூடி ஒன்னரை மாசம் விட்டா புளிச்ச வாசனையோட தங்க நெறத்துல வரும், ஆனா பையில எலி ஓட்ட போட்டா அதோட தீந்துச்சி, அந்தப் பக்கம் பூசணம்தான்.

மூட்டைய தரையில இருந்து அரை அடி ஒசரத்துல பலகை மேல, சுவத்த விட்டு ஒரு அடி தள்ளி வெச்சா பாதி பிரச்சின தீரும். பழைய சரக்கு தீந்த பெறகுதான் புதுசப் பிரிக்கணும். மக்காச்சோளம் காஞ்சிருக்கான்னு பாக்க காசே இல்லாத ஒரு வழி இருக்கு. நல்லாக் காஞ்ச கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்குக்கு மக்காச்சோளம் போட்டு, வறுத்து ஆறவெச்ச உப்பு ரெண்டு மூணு ஸ்பூன் போட்டு மூடி நல்லாக் குலுக்கி பத்து நிமிஷம் விடுங்க. உப்பு கண்ணாடியில ஒட்டிக்கிச்சின்னா ஈரம் 15 சதவீதத்துக்கு மேல, இன்னும் காயணும். ஒட்டாம கீழ விழுந்தா மூட்ட கட்டலாம். நான் இப்ப எந்தக் கடையில வாங்கினாலும் ஒரு கை அள்ளிட்டு வந்து இப்பிடிப் பாத்துட்டுத்தான் மூட்ட எடுக்கறேன், கடைக்காரர் மொறைக்கறாரு, பரவாயில்ல.

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்களப் பாருங்க. மக்காச்சோளம் லாரி வந்தா மொதல்ல மெஷின் வெச்சி ஈரம் பாக்கறாங்க, சரியில்லன்னா லாரி அப்பிடியே திரும்புது. அங்க கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனம் சோதிக்கற லேப்பும் இருக்கு. கோழிக்கு இருக்கற அக்கறை நம்ம மாட்டுக்கு ஏன் இல்ல? ஒவ்வொரு சங்கத்துலயும் பால்ல கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு இல்லாத மத்த திடச்சத்து) பாக்க மெஷின் வெச்சிருக்காங்க, பாயிண்டு கொறஞ்சா எங்க காசக் கொறைக்கறாங்க. அதே மேஜை மேல தானிய ஈரம் பாக்கற சின்ன மீட்டர் ஒண்ணு வெச்சா, காலையில பால் ஊத்த வர்றப்ப ஒரு கை சோளமோ கடலையோ கொண்டாந்து பாத்துட்டுப் போவோம். புண்ணாக்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா சாம்பிள் எடுத்து நாமக்கல் லேப்புக்கு சங்கமே அனுப்பலாம். அதிகாரிங்க தட்டு வெட்டற மெஷினுக்கு மானியம் தர்றாங்க, ரொம்ப நல்ல விஷயம், அதோட ஒரு பரணுக்கும் ரெண்டு பலகைக்கும் சேத்துக் குடுத்தா வெட்டினத வெக்க எடமும் கெடைக்கும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துல பயிற்சி எல்லாம் நடத்தறாங்க, தீவனம் சேத்து வெக்கறதப் பத்தி ஒரு நாள் பொம்பளைங்களுக்குன்னே வெச்சா நல்லா இருக்கும், ஏன்னா ஊட்டுல தீவன மூட்டையத் தொடறது பெரும்பாலும் நாங்கதான்.

எங்க பக்கம் கடல புடுங்க இன்னும் ஒரு மாசம் தான் இருக்கு. அதுக்கு முன்னாடி இந்த லெட்டர நீங்க போட்டுட்டா, கூட்டுறவு அதிகாரிங்க கண்ணுல பட்டு இந்த ஐப்பசிக்குள்ள அந்த மீட்டர் எங்க சங்கத்து மேஜைக்கு வந்தாலும் வரும்.

இப்படிக்கு,
பால் ஊத்தற ஒரு வாசகி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.