சுடும் விளையாட்டும் ஹெட்போனில் கேட்கும் பேச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்ற சுடும் விளையாட்டுகளை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் 2019-இல் பிலிப்பைன்ஸில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற போன் கேமுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிள்ளைகளிடம் கேம் என்றாலே கெட்டது என்றால் காதில் ஏறாது.

நான் சுங்கை சிப்புட்டில் தோட்ட லோரி ஓட்டி ஓய்வு பெற்றவன். மாலையில் எங்கள் தாமான் திடலில் பையன்களுக்குப் பந்து பழக்குகிறேன். கேம் விளையாடியதால் ஒருவன் ஆயுதம் தூக்கியதை நான் கண்டதில்லை. வன்முறைக் குற்றங்களுக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் அமெரிக்க உளவியல் சங்கமும் 2020-இல் சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு மட்டும் சிறிய தொடர்பு இருப்பதாகச் சொன்னது. அந்தக் கத்தலையும் தள்ளலையும் திடலில் தினமும் பார்க்கிறேன். பந்தைத் தவறவிட்ட சின்னவனைப் பார்த்து ஆறாம் ஆண்டுப் பையன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. எங்கே கற்றுக்கொண்டாய் என்றேன். "ஸ்குவாட்ல அண்ணனுங்க பேசுவாங்க அங்கிள்" என்றான்.

பப்ஜியில் நான்கு பேர் 'ஸ்குவாட்' என்ற ஓர் அணியாக இறங்கலாம். மற்ற மூவர் யார், என்ன வயது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட். அம்மா விடியற்காலையில் பேருந்து பிடிக்க வேண்டியவர், அசந்து தூங்குகிறார். வளர்ந்த ஆண்கள் மைக்கில் பேசுவதைப் பிள்ளை நடுராத்திரி வரை கேட்டுக்கொண்டிருக்கிறான். திரையில் தெறிக்கும் ரத்தத்தைவிட எனக்கு இதுதான் பயம்.

பெற்றோரே, அந்த மைக்கையும் மற்றவர் குரல் கேட்பதையும் கேமின் செட்டிங்கிலேயே அடைத்துவிடலாம். தெரியாவிட்டால் வீட்டில் மூத்த பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்குப் போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கெட்டும் மாதக்கணக்கில் கேமை விட முடியாத பிள்ளையை அடிக்காதீர்கள், கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். உலகச் சுகாதார நிறுவனம் அதை ஒரு நோயாகவே தன் பட்டியலில் சேர்த்து, 2022 முதல் அது நடப்பில் இருக்கிறது.

பொறுப்பில் உள்ளவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் திடலில் விளக்கு இல்லை. ஏழரைக்கு இருட்டியதும் பையன்கள் பந்தைப் போட்டுவிட்டுப் போனை எடுக்கிறார்கள். ஒன்பது மணிவரை எரியும்படி இரண்டு விளக்குக் கம்பங்கள் நட்டுக்கொடுங்கள். தினமும் ஒன்பது மணிவரை திடலில் நின்று அவர்களைப் பார்த்துக்கொள்ள நான் தயார்.

ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்