இசை மண்டபத்திற்கு நடந்தே போ

புளியந்தீவு,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

சனிக்கிழமை அம்ஸ்டர்டாமில் கொன்செர்ட்கெபாவ் மண்டபத்தில் இசை கேட்கப் போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால் ரயிலை விட்டு இறங்கியதும் ட்ராமில் ஏறி நேரே மண்டப வாசலுக்குப் போவதென்ற உன் திட்டத்தில் எனக்குச் சம்மதமில்லை. இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, உன்னிடம் வந்து நின்ற காலத்தில் நான் நடந்த வழியாலேயே நடந்து போ.

நிலையத்திலிருந்து மேற்கே போய்ப் பிரின்சன்கிராக்ட் கால்வாயைப் பிடித்துக்கொள். 1613இல் தொடங்கிய நகர விரிவாக்கத்தில் உருவான கால்வாய் வளையத்தில் அது வெளிப்புறத்தது. அதன் கரையில் வெஸ்டர்கெர்க் தேவாலயம் நிற்கும். அதன் கோபுரம் கட்டி முடிந்தது 1638இல். போர்த்துக்கீசர் 1628இல் கட்டிய நமது மட்டக்களப்புக் கோட்டையை அந்த நாட்டவரான ஒல்லாந்தர் கைப்பற்றியதும் அதே 1638இல், மே மாதத்தில். இரு பக்கம் வாவியும் மற்ற இரு பக்கம் அகழியுமாக நிற்கும் அந்தச் சுவரை நாள்தோறும் கடந்து போகிறவனுக்கு, அங்கே ஒரு மணிக்கோபுரம் எழுந்த ஆண்டும் இங்கே பீரங்கிகள் முழங்கிய ஆண்டும் ஒன்றென்று அறிந்தபோது அந்த நகரத்தின் அழகை வெறும் அழகாக மட்டும் பார்க்க முடியவில்லை. கறுவா விற்ற காசும் அந்தச் செங்கல்லில் கலந்திருக்கிறது என்பதை நீயும் மறக்காமல் பார்.

அங்கிருந்து குறுக்குத் தெருக்களால் ஹேரன்கிராக்ட் கால்வாய்க்கு வா. வீடுகளின் வாசலைப் பார்க்காதே, உச்சியைப் பார். படிப்படியாக ஏறுவது, கழுத்துப்போல் ஒடுங்குவது, மணிபோல் வளைவது என முகடுகள் பலவிதம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு மர உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் இரும்புக் கொக்கி. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே இரண்டு பேர் அதில் கப்பி பூட்டி, மூன்றாம் மாடிச் சன்னலுக்கு ஓர் அலுமாரியை ஏற்றினார்கள். படிக்கட்டு அவ்வளவு ஒடுக்கம். சுவர் தெருப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருப்பதும், தூக்கும் பொருள் முகப்பில் உரசாமல் இருக்க வேண்டுமென்று வேண்டுமென்றே செய்ததுதான்.

பக்கவாட்டில் சாய்ந்த வீடுகளின் கதை வேறு. அது அத்திவாரத்தின் கோளாறு. கட்டட வேலையிலேயே காலம் கழித்த எனக்கு அதுதான் பெரிய விருந்து. மேல்மண் முழுவதும் சேறும், உக்கிய தாவரங்களாலான முற்றாக் கரியும் ஆகையால், கீழே மணற்படை தட்டும்வரை மரத்தூண்களை அடித்திறக்கி அவற்றின்மேல் கட்டியிருக்கிறார்கள். டாம் எனப்படும் அணைச் சதுக்கத்து அரண்மனையின் கீழ் மட்டும் 13,659 தூண்கள். நீருக்குள் அமிழ்ந்திருக்கும்வரை அந்த மரம் நூற்றாண்டுகள் தாங்கும். நிலத்தடி நீர் இறங்கித் தலைப்பகுதியில் காற்றுப்பட்டால் உக்கத் தொடங்கிவிடும். அதனாலேயே கால்வாயின் நீர்மட்டத்தை அவ்வளவு கவனமாகக் காக்கிறார்கள்.

ரெகுலியர்ஸ்கிராக்ட் கால்வாய் பிரியும் மூலையில் நின்று குனிந்து பார்த்தால் ஏழு பாலங்களின் வளைவுகள் ஒன்றனுள் ஒன்றாகத் தெரியும். சுற்றுலாப் பயணிகள் முண்டியடிப்பார்கள், பொறுத்துக்கொள். பிறகு தெற்கே நட. ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தின் நடுவே ஊடறுத்துப் போகும் வழியில் யாராவது வயலின் வாசித்துக்கொண்டிருப்பார்கள். வெளியே வந்தால் பெரிய புல்வெளி, அதன் மறுகரையில் கூரைமேல் பொன்னிற யாழுடன் உன் மண்டபம்.

1888இல் திறந்த அந்த மண்டபமும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மரத்தூண்களின்மேல்தான் நின்றது. தூண்கள் உக்கிக் கட்டடம் அமிழ்ந்து சுவர்கள் வெடித்ததால், 1980களில் அடியில் உலோகக் குழாய்களை இறக்கி அதைத் தாங்கிப் பிடித்தார்கள். உள்ளே ஒலி அவ்வளவு இனிமையாகச் சுழல்வதற்குக் காரணம் தேடி மேலே மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது.

புதுச் சப்பாத்து வேண்டாம். கல் பாவிய தெரு காலைக் கடிக்கும். சிவப்பாக இருக்கும் பாதை சைக்கிளுக்குரியது, அதில் நின்று படம் எடுக்காதே. குடையை மறவாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா