செயலாளர் ஆண்டறிக்கை

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சால்ட் லேக் சிட்டி தமிழ் இயற்கை ஆர்வலர்களான நமக்கு இது நல்ல ஆண்டு. மாதக் கூட்டங்களும் ஏரிக்கரைப் பறவை நடைகளும் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஜாக்சன் பயணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வயோமிங் மாநிலத்தில், ஜாக்சன் ஊரை ஒட்டிய குன்றுச் சரிவில் இருக்கிறது தேசிய வனவிலங்குக் கலை அருங்காட்சியகம். 1987-இல் ஊருக்குள் தொடங்கி, 1994-இல் இப்போதைய கற்கட்டடத்துக்கு வந்தது. தூரத்தில் பார்த்தால் பாறையோடு பாறையாகத்தான் தெரிகிறது. எதிரே 1912-இல் அமைந்த எல்க் மான் சரணாலயம். உள்ளே படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஜன்னலுக்கு வெளியே அந்த விலங்கு வாழும் நிலமே விரிந்து கிடக்கிறது.

ராபர்ட் பேட்மன் வரைந்த காட்டெருமைப் படத்தின் முன்னால் எல்லோரும் நின்றுவிட்டோம். புழுதிக்குள்ளிருந்து முகம் மட்டும் வெளியே வருகிறது. பின்னுடல் புழுதியிலேயே கரைந்துபோகிறது.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் வரைந்த கார்ல் ரங்கியஸின் ஓவியங்களிடம்தான் சிக்கல் வந்தது. மூஸ் மானின் தோள்பட்டை அசைவை அவரைப் போல் வரைந்தவர்கள் குறைவு. ஆனால் அவர் வேட்டைக்காரர். சுட்ட விலங்கைக் கயிற்றால் கட்டி நிற்கவைத்துப் பார்த்து வரைந்தவர். "அப்போ கொன்னுட்டா வரைஞ்சாரு?" என்று நம் பிள்ளை ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றே சொன்னோம். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் பலர்தான் விலங்குகள் அருகுவதைக் கண்ணால் பார்த்துப் பாதுகாப்புக்காகவும் குரல் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

படம் வரைந்தால் விலங்குக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்டீர்கள். நீர்ப்பறவைப் படம் போட்டு அமெரிக்க அரசு விற்கும் வாத்து முத்திரையைப் பாருங்கள். 1934-இல் ஒரு டாலருக்கு வந்த இந்த முத்திரையின் இன்றைய விலை 25 டாலர். அதில் டாலருக்கு 98 சென்ட் நீர்நிலைகளை வாங்கவும் காக்கவும் போகிறது. அதன் படத்தை ஆண்டுதோறும் ஓவியப் போட்டி வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் உப்பு ஏரி 2022-இல் இதுவரை இல்லாத அளவுக்கு வற்றியதைப் பார்த்த நமக்கு, நீர்நிலை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, உறுப்பினர் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு வாத்து முத்திரையாவது வாங்க வேண்டும். இரண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கான இளையோர் வாத்து முத்திரைப் போட்டிக்கு நம் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டும். நம் உப்பு ஏரியை ஒட்டிய பேர் ரிவர் (Bear River) பறவைச் சரணாலயத்துக்கு அழைத்துப்போய், நேரில் பார்த்து வரையவைப்போம். வண்டி ஓட்ட முன்வருபவர்கள் இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.

பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்த அக்காமார்களுக்கும், மலைப்பாதையில் பத்திரமாக வண்டி ஓட்டிய தம்பிகளுக்கும் சங்கத்தின் நன்றி.

செயலாளர்