கார் துடைக்கிற அண்ணனின் 500 ரூபாய்: எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும்,

வணக்கம். பேஸ்மென்டில் லிஃப்டுக்கு எதிரே, இரண்டு பிளாக்குகளும் சேருகிற ஜாயின்டுக்கு நேர் கீழே நிற்கிற கறுப்புக் கார் என்னுடையது. போன வாரம் நீங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய சுற்றறிக்கையைப் படித்தேன். கார்களின் மேல் வெள்ளைத் திட்டு விழுவதற்குக் காரணம் கார் துடைக்கிற அண்ணன் போர் தண்ணீரில் கழுவுவதுதான் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக அவர் சம்பளத்தில் 500 ரூபாய் பிடித்தம் என்றும், கறை போகாதவர்கள் ஹவுஸ்கீப்பிங் ஆட்களிடம் பாத்ரூம் ஆசிட் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. முதல் இரண்டும் அநியாயம், மூன்றாவது ஆபத்து.

முதலில் அந்தத் திட்டு என்னவென்று பார்ப்போம். போர் தண்ணீர் காய்ந்தாலும் கறை விழும், மறுக்கவில்லை. ஆனால் அது கார் முழுக்கப் பரவலாக, சின்னச் சின்ன வளையமாக, மெலிசாக இருக்கும். என் கார் பானட்டில் இருந்தவை 11 திட்டுகள். எல்லாம் ஒரே கோட்டில், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவு, நடுவில் மேடு தட்டி நகத்துக்குத் தட்டுப்பட்டன. அண்ணாந்து பார்த்தால் அதே கோட்டில் ஜாயின்ட். அதிலிருந்து வெள்ளை வெள்ளையாக, ஸ்ட்ரா மாதிரி உள்ளே ஓட்டையாக, விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் ஒரு சொட்டு உருண்டு நின்று, யோசித்து யோசித்து விழுகிறது. கார்த்திகை மழை நின்று இத்தனை நாளாகியும் விழுகிறது, ஏனென்றால் மேலே நம் தோட்டம். செடிக்கு விடுகிற தண்ணீர் போக வேறு வழி இல்லை.

சந்தேகம் வேண்டாம் என்று ஒரு ராத்திரி அந்தச் சொட்டுக்குக் கீழே எவர்சில்வர் டம்ளர் வைத்துவிட்டு வந்தேன். காலையில் பாதி டம்ளர். ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டதும் ஆரத்திச் சிவப்பு! அதே மஞ்சளைப் போர் தண்ணீரில் போட்டேன், மஞ்சளாகவே கிடந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று தெரியாத வீடு நம்மில் எது? இன்னொரு டம்ளர் பிடித்து, மஞ்சள் போடாமல் ஸ்ட்ராவால் ஊதிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பார்த்த மாதிரியே பால் போலக் கலங்கியது. கான்கிரீட்டுக்குள் ஊறி இறங்குகிற தண்ணீர் சிமென்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் அது கல்லாக இறுகிவிடுகிறது. இந்தத் தண்ணீரின் காரத்தன்மை 12 பிஎச் வரை போகும். அதனால் பெயின்ட் மேல் உட்கார்ந்திருப்பதோடு நிற்காமல், நாள்பட்டால் அரிக்கவும் செய்யும். இதில் அந்த அண்ணன் எங்கே வந்தார்?

இனி ஆசிட் விஷயம். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பை நொடியில் கரைக்கும், சரி. அதோடு பளபளக்கிற குரோம் பட்டையையும் கெடுக்கும், கல் அடித்துப் பெயின்ட் போன இடத்தில் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும், மூடிய பேஸ்மென்டில் புகையும் மூக்கில் ஏறும். சி பிளாக்கில் ஒருவர் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை வைத்து ஒரு கை பார்த்தார். திட்டு போய்விட்டது. ஆனால் வெயிலில் வண்டியை நிறுத்தினால் அந்த இடம் சிலந்தி வலை மாதிரி மின்னுகிறது. காரின் நிறத்துக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் என்கிற கண்ணாடிப் பூச்சு சுமார் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன். அதைப் போய் நாரால் தேய்ப்பதா?

நான் செய்ததைச் சொல்கிறேன், பயன்பட்டால் சுற்றறிக்கையில் போடுங்கள். சாயங்காலம், இன்ஜின் ஆறி பானட் கைக்குக் குளிர்ச்சியாக இருந்தபோது, முதலில் கார் ஷாம்பூ போட்டு மண் போகக் கழுவினேன். இதைத் தவிர்த்தால் அடுத்து என்ன செய்தாலும் அந்த மண்ணே உப்புத்தாளாக வேலை செய்யும். மளிகைக் கடை வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, பழைய பருத்தி பனியன் துணியை நனைத்துத் திட்டின் மேல் போட்டேன். ஐந்து நிமிடம். துணி காயக் கூடாது. எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் பொடிப்பொடியாக நுரைத்துக்கொண்டிருந்தது, கிட்டே காதை வைத்தால் மெல்லிய சத்தம்கூடக் கேட்டது. தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி நனைத்த துணி. நாலு தடவையில் மேடு கரைந்தது. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் கரண்டியை எடுப்பார்கள். கடைசியில் ஷாம்பூத் தண்ணீரால் நன்றாக அலசிவிட வேண்டும், வினிகரும் அமிலம்தானே.

அப்புறம் ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் விரலை விட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். சொரசொரத்த இடத்தில் மட்டும் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கிளே பாரை வழுக்கவிட்டேன், அழுத்தவில்லை. குழந்தைகள் விளையாடுகிற களிமண் போல இருக்கும் அது. தரையில் விழுந்தால் குப்பைத் தொட்டிக்குத்தான், மண் ஒட்டிக்கொண்டால் கீறும். 11 திட்டில் ஒன்பது சுத்தமாகப் போயின. இரண்டில் மட்டும் வளையம் நிற்கிறது, தடவினால் வழவழப்புதான், ஆனால் பார்த்தால் தெரிகிறது. சுண்ணாம்புத் தண்ணீர் அந்தக் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு நைஸ் பாலிஷ் போட்டுப் பார்க்கலாம். பாலிஷ் என்பது பூச்சைக் கொஞ்சம் இழைத்து எடுப்பதுதான், மாதாமாதம் செய்தால் மிச்சம் இருக்காது. நான் மெழுகு பூசி அப்படியே விட்டுவிட்டேன்.

நடுவே ஒரு வேண்டுகோள். தப்பாக நிறுத்திய வண்டிகளுக்கு உங்கள் செக்யூரிட்டி ஒட்டுகிற மஞ்சள் ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லுங்கள், பிளேடால் எடுத்துவிடலாம். கதவில் ஒட்டினதை எடுக்க நான் ஹேர் டிரையரால் சூடு காட்டி, மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

கார் கிடக்கட்டும். எனக்குக் கவலை அந்த ஜாயின்ட்தான். சொட்டுவது வெளியிலிருந்து வந்த அழுக்கு அல்ல, நம் கட்டடத்தின் சிமென்ட். கான்கிரீட்டில் அந்தக் காரம் இருக்கிறவரைதான் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு ஒரு காவி நிறக் கோடும் இறங்க ஆரம்பித்திருக்கிறது. செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்து மண்ணை எடுத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்ய, சங்கம் பெரிய செலவுக்கென்று சேர்த்து வைத்திருக்கிற கார்ப்பஸ் ஃபண்டில் கை வைக்க வேண்டியிருக்கும், தெரியும். அதுவரைக்கும் ஜாயின்டுக்குக் கீழே நீளமாக ஒரு தகரத் தட்டைச் சாய்வாகக் கட்டி, தண்ணீரை டிரெயினுக்குத் திருப்பிவிடலாம். ஒரு வெல்டர், ஒரு நாள் வேலை.

அந்த அண்ணன் அதிகாலையிலேயே வந்து, ஏழு மணிக்குள் இருபது வண்டி துடைத்துவிட்டுப் போகிறார். சுற்றறிக்கையை அவருக்கு யாரும் படித்துக்கூடக் காட்டவில்லை. பணம் குறைந்த பிறகு என்னிடம் வந்து, "என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். உங்களில் ஒருவர் அவரிடம் 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் போர்டில் இருக்கிற தாளையும் எடுத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவுக்கு நான் டம்ளரும் மஞ்சள் டப்பாவும் கொண்டு வருகிறேன். கூட்டத்தை கிளப் ஹவுஸில் வைக்காமல் ஜாயின்டுக்குக் கீழே வைத்தால் வசதி. நாற்காலியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர்