ரசீதின் அடியில் ஒரு வரி: அறக்கட்டளை நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

அறக்கட்டளைகளையும் தொண்டு நிறுவனங்களையும் நடத்துபவர்களுக்கு வணக்கம்.

ஒரு தொண்டு நிறுவனத்தில் 11 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். நன்கொடை ரசீதுகளில் கையெழுத்திட்ட உரிமையில் இதை எழுதுகிறேன்.

நிதியாண்டின் கடைசி வாரம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தொலைபேசி ஓயாது. ரசீது இன்றைய தேதியிலேயே கிடைக்குமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். சென்ற முறை கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களை நொந்து பயனில்லை. "வரியை மிச்சப்படுத்துங்கள்" என்று வேண்டுகோளின் தலையில் கொட்டை எழுத்தில் அச்சடித்து அனுப்பியது நாம்தானே!

வரிச்சலுகை கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கொடுத்ததற்குக் கணக்குக் காட்டிச் சலுகை வாங்கினால் அது தர்மமாகுமா என்று தயங்கிய நல்ல மனிதர்கள் உண்டு. தாராளமாக வாங்குங்கள், மிச்சமானதையும் சேர்த்து அடுத்த முறை கொடுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மிச்சம் யார் பணம் என்பதை நாம் வாய் திறந்து சொல்வதில்லை என்பதே என் ஆற்றாமை.

30 சதவீத வரி கட்டுபவர் 1,000 கொடுத்து, முழுத் தொகைக்கும் கழிவு பெற்றால், அதாவது வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து அதைக் கழித்துக்கொண்டால், அவர் கையை விட்டுப் போவது 700. மீதி 300 பொதுக் கருவூலத்துக்கு வந்திருக்க வேண்டியது. எந்தப் பணிக்குக் கொடுப்பது என்று அவர் ஒருவர் தீர்மானிக்கிறார். ஊர் கூடிப் பங்கு போடுகிறது. 10 சதவீத வரி கட்டுபவர் அதே 1,000 கொடுத்தால் ஊர்ப்பங்கு 100தான். வருமான வரி வரம்புக்குள் வராதவருக்கு அதுவும் கிடையாது.

எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்த அம்மா ஒருவர், சம்பளம் வாங்கிய அன்று ஒரு நோட்டை நான்காக மடித்து என் மேசையில் வைப்பார். முதல் முறை ரசீது எழுதி நீட்டினேன். "எனக்கு எதற்கு ஐயா இது? தாளை வீணாக்காதீர்கள்" என்று சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த நோட்டு முழுக்க முழுக்க அவருடையது. எங்கள் விழா மேடையில் வாசிக்கப்பட்ட பெயர்களில் அவர் பெயர் ஒருமுறைகூட இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வு மாற்ற முடியாத விதி அல்ல. 1917இல், போர்ச் செலவுக்காக வரி ஏறியபோது, செல்வந்தர்களின் கொடை வற்றிவிடுமோ என்ற அச்சத்தில் அமெரிக்கா இந்தக் கழிவைக் கொண்டுவந்தது. கனடா 1988இல் கழிவை விட்டுவிட்டு, கொடுத்த தொகைக்கு ஏற்பக் கட்டவேண்டிய வரியிலேயே தள்ளுபடி தரும் முறைக்கு மாறியது. பிரிட்டனில் 1990இல் வந்த 'கிஃப்ட் எய்ட்' முறையில், வரி கட்டுபவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் இன்று அரசிடமிருந்து கூடுதலாக 25 பென்ஸ் அந்தத் தொண்டு நிறுவனத்துக்கே சேர்கிறது. அதிக விகிதத்தில் வரி கட்டுபவர், அடிப்படை விகிதத்துக்கும் தன் விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனக்கெனக் கேட்டுப் பெறலாம் என்பது அதிலும் எனக்கு உடன்பாடில்லாத ஓட்டை.

சட்டம் நம் கையில் இல்லை. ரசீதுப் புத்தகம் இருக்கிறது.

அதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? பழந்துணி மூட்டைக்குப் புதுத்துணி விலை போட்டுச் சான்று தருகிறோம். விருந்துக்கு விற்ற டிக்கெட்டை, சாப்பாட்டின் மதிப்பைக் கழிக்காமல், முழு நன்கொடையாக எழுதுகிறோம். இதைவிட மோசமானதையும் பார்த்தேன். காசோலை தருகிறேன், கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒருவர் வந்தார். "யாருக்கும் நஷ்டமில்லையே" என்றார். நான் மறுத்தேன். நாலு காசு வரும் வழியை அடைக்கிறாயே என்று நிர்வாகத்தில் ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கடிந்துகொண்டார். நஷ்டம் யாருக்கு என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா வாங்கும் சோப்பின் விலையிலும் வரி இருக்கிறது. அந்த ஆண்டே வேலையை விட்டேன்.

அடுத்த ஆண்டுக்கான ரசீதுப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் தயவுசெய்து அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வரிச்சலுகைக் குறிப்பு பின்பக்கத்தில் இருக்கட்டும். வேண்டியவர் திருப்பிப் பார்த்துக்கொள்வார். முன்பக்கத்தில், தொகைக்குக் கீழே, இப்படி ஒரு வரி சேருங்கள்: "இதற்கு நீங்கள் வரிச்சலுகை பெற்றால், இந்தக் கொடையில் பொதுமக்களின் பங்கும் இருக்கிறது."

இப்படிக்கு,
உங்களில் ஒருவனாக இருந்த கணக்கன்