கேள்வித்தாள் எங்கள் பட்டறைக்கும் வரட்டும்: உலக வங்கிக்கு ஒரு மடல்

ஒவ்வொரு நாட்டிலும் தொழில் நடத்தச் சூழல் எப்படி இருக்கிறது என்று அளக்கும் 'பி-ரெடி' அறிக்கையை உலக வங்கியில் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சின்ன ஊர் ஒன்றில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், மூன்று பையன்கள். எந்த நாட்டு நிர்வாகம் எப்படி என்று நீங்கள் மார்க் போடுவதைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நினைக்கலாம். உங்கள் பழைய அறிக்கையில் வந்த கற்பனை வியாபாரி கிட்டத்தட்ட நான்தான். அந்தத் தகுதி போதும்.

'டூயிங் பிசினஸ்' என்ற அந்தப் பழைய அறிக்கையில் கோர்ட் விவகாரத்துக்கு ஒரு மாதிரி வழக்கு வைத்திருந்தீர்கள். ஒருவர் ஆர்டரின் பேரில் பொருள் செய்து கொடுக்கிறார். வாங்கியவர், தரம் சரியில்லை என்று பணம் தர மறுக்கிறார். வழக்குப் போட்டுப் பணம் கைக்கு வர எத்தனை நாள், எவ்வளவு செலவு? இந்தியாவுக்கு நீங்கள் சொன்ன விடை 1,445 நாள். 2020 அறிக்கையில் அந்தப் பிரிவில் 190 நாடுகளில் எங்களுக்கு 163ஆவது இடம். ஆனால் மொத்தப் பட்டியலில் 63! அதற்கு ஐந்து வருடம் முன்பு 142ஆக இருந்தது. கட்டட அனுமதி, மின் இணைப்பு எல்லாம் மளமளவென்று மேலே ஏறின, கோர்ட் பிரிவோ கடைசி வரிசையிலேயே கிடந்தது. ஃபாரத்தைக் குறைக்க ஓர் ஆணை போதும். வாய்தாவைக் குறைக்க நீதிபதிகள் வேண்டுமே. அதுவும் நீங்கள் அளந்தது டெல்லி, மும்பை இரண்டை மட்டும்.

என் கதை இது. பம்ப் செய்யும் ஒருவருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தேன். பாக்கி 3,40,000 ரூபாய். அளவு தப்பு என்றார். அவர் எதிரிலேயே மைக்ரோமீட்டர் வைத்துக் காட்டினேன், ஒவ்வொன்றும் லிமிட்டுக்குள் இருந்தது. பேசாமல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வழக்குப் போட்டேன். முதல் வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. அடுத்ததில் நீதிபதி லீவு. அப்புறம் வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒவ்வொரு முறையும் அரை நாள் பட்டறை நின்றது. இரண்டு வருடம் கழித்து, கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் 1,50,000 வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் மாதிரி வழக்கில் விற்றவர் முழுசாக ஜெயிப்பார், வாங்கியவர் அப்பீலுக்கும் போகமாட்டார். பாதியில் சமாதானமாகிப் போன என்னை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? என் பாட்டைப் பார்த்துவிட்டு வழக்கே போடாமல், வராத பணத்தைத் தலைமுழுகிய பக்கத்துப் பட்டறைக்காரரை? ஒரு நாட்டின் நிர்வாகம் எப்படி என்பதற்கு, கோர்ட் படி ஏறியவர்களை விட ஏறாதவர்கள்தான் நல்ல சாட்சி. அவர்களை நீங்கள் எண்ணவே இல்லை.

பழைய அறிக்கையை 2021இல் நீங்களே மூடினீர்கள். 2018 அறிக்கையில் 85இல் இருக்க வேண்டிய சீனா 78இல் இருந்தது விசாரணையில் தெரிந்தது. அதற்கு முன்பே, கணக்கு முறையை மாற்றியதால் சிலி நாட்டின் இடம் சரிந்ததற்காக உங்கள் அப்போதைய தலைமைப் பொருளாதார நிபுணர் பால் ரோமர் மன்னிப்புக் கேட்டிருந்தார். சரி, அதைத் தோண்ட நான் வரவில்லை.

பி-ரெடியில் ஒட்டுமொத்த ரேங்க் கிடையாது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, அரசு என்ன சேவை தருகிறது, நடைமுறையில் என்ன ஆகிறது என்று மூன்றாகப் பிரித்ததும் நல்லது. வக்கீல்களோடு நிறுத்தாமல் தொழில் நடத்துபவர்களையும் கேட்கிறீர்கள். 2024இல் வந்த முதல் அறிக்கையின் 50 நாடுகளில் இந்தியா இல்லை. எங்கள் முறை வரும்போது நினைவிருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொழில் நிறுவனங்களிடம் நீங்கள் எடுக்கும் சர்வேயில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும், குறைந்தது ஐந்து பேர் வேலை செய்ய வேண்டும். என் பட்டறையில் என்னையும் சேர்த்தால் நான்கு. அதாவது மறுபடியும் நான் வெளியே. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பட்டறைகள் இப்படித்தான்.

ஐந்து என்ற அந்தக் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். 'வழக்கு முடிய எத்தனை நாள்' என்ற கேள்விக்கு முன்னால், 'பணம் வராதபோது ஏன் வழக்குப் போடவில்லை' என்று ஒரு கேள்வி சேருங்கள். டெல்லி, மும்பையோடு தாலுகா கோர்ட் இருக்கும் ஊர் நாலைந்துக்கும் ஆள் அனுப்புங்கள். அனுப்புகிற ஆள் காலை ஒன்பது மணிக்குள் வந்துவிட்டால் நல்லது. அதற்கு மேல் மிஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்