சிஎன்சி செய்ய ஐ7 எதுக்கு சார்?

ஆசிரியர் சார் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வீட்லயே சின்ன சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்றபடி தானா வெட்ற மெஷின்) செய்றத பத்தி போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா கம்ப்யூட்டர் நல்ல ஸ்பீடா இருக்கணும்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அத நம்பி நம்ம பசங்க கடைக்கு ஓடிடக் கூடாதுன்னுதான் இந்த லெட்டர்.

நான் காட்பாடி, வேலை ராணிப்பேட்டை சிப்காட்ல டர்னர். மாடில ரெண்டுக்கு மூணடில மரப்பலகைல உருவம் வெட்ற சிஎன்சி ரவுட்டர் ஒண்ணு செஞ்சேன். கடைக்காரர் பேச்ச கேட்டு ஸ்பீடான ஐ7 ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டுன்னு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி, மோட்டாருக்கு சிக்னல் அனுப்ப தனியா பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் சொருகுற போர்ட்) கார்டு சொருகி, மெஷின ஓட்ற லினக்ஸ்சிஎன்சி சாஃப்ட்வேர போட்டேன் (அதுக்கு காசு கிடையாது, அமெரிக்கா கவர்மென்ட்டோட நிஸ்ட்ன்ற ஆராய்ச்சி நிறுவனத்துல ஆரம்பிச்சது). முதல்ல வெட்டுனது பிள்ளையார். தும்பிக்கை பாதில ரெண்டு மில்லி நகந்து படிக்கட்டு மாதிரி வந்துடுச்சு, அம்மா பாத்துட்டு "இன்னாடா, சாமிக்கு தும்பிக்கை ஒடஞ்சிக்கீது"ன்றாங்க.

அப்புறம்தான் லினக்ஸ்சிஎன்சிலயே இருக்கற லேடென்சி டெஸ்ட் (கம்ப்யூட்டர் சொன்ன நேரத்துல இருந்து எவ்ளோ தடுமாறுதுன்னு பாக்கற டெஸ்ட்) ஓட்டிப் பாத்தேன், முன்னாடியே செஞ்சிருக்கணும். இதுல ஸ்பீடு மேட்டரே இல்ல சார், மோட்டார ஒவ்வொரு ஸ்டெப்பா நகத்துற பல்ஸ் சொன்ன நேரத்துக்கு போகணும், அவ்ளோதான். 15, 20 மைக்ரோசெகண்டுக்குள்ள (ஒரு செகண்ட பத்து லட்சமா பிரிச்சா ஒரு பங்குதான் மைக்ரோசெகண்ட்) தடுமாறினா அருமை, 50 வரைக்கும் மெதுவா ஓட்டிக்கலாம், 100 தாண்டினா அந்த கம்ப்யூட்டர்ல நேரா பல்ஸ் குடுக்கவே வேணாம். என்னுது 180. பயாஸ்ல (கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ல) போய் ஹைப்பர்த்ரெடிங், சி ஸ்டேட்னு தடுமாற வைக்கிற ப்ராசஸர் செட்டிங் எல்லாம் ஆஃப் பண்ணியும் 90க்கு கீழ எறங்கல. கடைசில மூடப்போற ஒரு பிரவுசிங் சென்டர்ல தூசி புடிச்சி கெடந்த டூயல் கோர் பொட்டிய 2500 ரூபாய்க்கு தூக்கிட்டு வந்தேன், போர்டுலயே பேரலல் போர்ட் இருந்துச்சு, டெஸ்ட்ல 11! ஐ7ல இப்ப பையன் கேம் ஆடறான்.

இவ்ளோ தலவலி வேணாம்னா ஆர்டுயினோ ஊனோன்ற சின்ன கன்ட்ரோலர் போர்டுல ஜிஆர்பிஎல்ன்ற சாஃப்ட்வேர போட்டுக்கங்க, அதுவும் ஃப்ரீ. பல்ஸ் கணக்க அந்த சின்ன போர்டே பாத்துக்கும், செகண்டுக்கு 30,000 ஸ்டெப் வரைக்கும் போகும், கம்ப்யூட்டர் யூஎஸ்பில ஒவ்வொரு வரியா ஜிகோட் (எங்க நகந்து வெட்டணும்னு மெஷினுக்கு சொல்ற கட்டளை) அனுப்பினா போதும், எந்த ஓட்ட லேப்டாப்பும் தாங்கும். மூணு ஆக்சிஸ்தான் (மூணு திசைல நகரும்), பேர்ப்பலகைக்கு அது தாராளம். ஒண்ணு மட்டும், வீட்ல எர்த் சரியில்லன்னா ஸ்பிண்டில் (வெட்ற பிட்ட சுத்துற மோட்டார்) ஆன் பண்ண உடனே யூஎஸ்பி கட்டாயிடும், பாதி வெட்டின பலகை வீணா போயிடும், அதனால ஷீல்டு போட்ட (இரைச்சல் சிக்னல தடுக்கற உறை இருக்கற) கேபிளுக்கு கஞ்சத்தனம் பாக்காதீங்க.

பழைய டெஸ்க்டாப்தான் வாங்கப் போறோம்ன்றவங்க லினக்ஸ்சிஎன்சிய பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, கடைலயே அதுல பூட் பண்ணி டெஸ்ட் ஓட விட்டு, கம்ப்யூட்டருக்கு வேலை குடுக்க கூடவே வீடியோ ஒண்ணு ஓட்டி, ஒரு டீ குடிச்சிட்டு வந்து நம்பர பாத்துட்டு காசு குடுங்க.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர்